பயன் பெறுவோர்: ஒருவர்

'க்ர்ர்ர்... டொக்!'

இருட்டிய பிறகு சமையலறையிலிருந்து இப்படி ஒரு சத்தம். அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"என்னங்க, கேட்டுச்சா?"

"ஃப்ரிட்ஜ்மா." கணவன் திரும்பக்கூட இல்லை. விரல்கள் அதுபாட்டுக்குக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தன.

மூன்று வாரமாக இதே கூத்து. கணினிக்குக் கட்டளை தட்டுகிற கறுப்புத் திரைக்கு ஷெல் என்று பெயராம். அதை உருவாக்குகிற குழுவுக்கு ஐயா யோசனை எழுதுகிறார். அதில் புதிதாக ஒரு சிறப்பு 'மாறி', அதாவது ஒரு விவரத்தைப் போட்டுவைக்கிற பெட்டி மாதிரி ஒன்று, வேண்டுமாம்.

"நூறு வேலையை வரிசையா குடுக்கறோம். நடுவுல நின்னுட்டா, எதுல நின்னுச்சுன்னு அந்த மாறி ஞாபகம் வெச்சுக்கும்."

"காலையில நான் சொன்ன டயப்பர் ஞாபகம் இருக்கா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உலகத்துக்கே மாறி குடுங்க. நீங்க மட்டும் மாறாதீங்க!"

அதற்குள் போன். ஆபீசில் இரவு ஓடுகிற வேலை பாதியில் நின்றுவிட்டதாம். நேரில் போய்த்தான் தட்டிவிட வேண்டும். வாரத்தில் நாலு நாள் இப்படித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் திரும்புகிற வரை அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். பயம் ஒரு பங்கு, கோபம் மூன்று பங்கு.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் சாயங்காலம் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தான்.

"ஒத்துக்கிட்டாங்க!"

அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று அந்த யோசனை விண்ணப்பத்தைத் திரையில் அவள் படித்தாள். 'யாருக்குப் பயன்?' என்று ஒரு கட்டம். அதே பட்டியலில் யோசனை அனுப்பிய மற்றவர்கள் எல்லாம் 'லட்சக்கணக்கானோர்' என்று அளந்துவிட்டிருந்தார்கள். இவன் எழுதியிருந்தது: 'ஒருவர்.'

அவளுக்குச் சுருக்கென்றது.

"ஊருக்கு உழைக்கறீங்கன்னு நெனச்சேன். கடைசியில உங்க ஒருத்தருக்குத்தானா? எழுத வெட்கமா இல்ல?"

"நான் இல்லம்மா அது."

"பின்ன?"

"அந்த மாறியை ஆபீஸ்ல இன்னைக்கே போட்டுட்டேன். இனிமே வேலை நின்னா, விட்ட இடத்துலேருந்து அதுவே ஓடிக்கும். ராத்திரியில என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. அந்த ஒருத்தர் குழந்தையை வெச்சுக்கிட்டுத் தனியா பயந்துட்டு உக்காந்திருக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு எழுந்து போய், வாசல் கதவை உள்பக்கம் தாழ் போட்டான்.