லோடுமேன் நடை

தூத்துக்குடியில் மூட்டை தூக்கும் லோடுமேன் இசக்கிமுத்து, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் பதறிப்போய் வந்து உட்கார்ந்தான். காலையில்தான் அவன் மச்சினன் கொம்பையாவை போலீஸ் பிடித்து வெளிநாட்டுக்கு பிளேன் ஏற்றியிருந்தது. அங்கே தேடப்படும் ஒரு கொலைகாரனின் நடையும் கொம்பையாவின் நடையும் ஒன்றுதான் என்று கேமரா சொல்லிவிட்டதாம்.

“அவன் இந்த ஊரைத் தாண்டினதே இல்லையே ஏட்டய்யா. எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாங்க?”

“கம்ப்யூட்டர் அதை எங்களுக்கே காட்டாது வே. ஒப்படைன்னு வரும், ஒப்படைப்போம்.”

“தப்பாப் பிடிச்சிருந்தா யாரைக் கேக்க?”

“அங்க கேட்டா, ‘பிடிச்சது அவங்க’ம்பான். இங்க கேட்டா, ‘பிடிக்கச் சொன்னது அவங்க’ம்போம். அந்தக் கொலைகாரனும் மூட்டை தூக்கினவனாம். நீங்க எல்லாவனும் இடுப்பு ஒடிஞ்சு ஒரே பக்கமாத்தானவே சாஞ்சு நடக்கிய!”

சிரித்துக்கொண்டே ஸ்டேஷன் கேமராவின் திரையைப் பார்த்த ஏட்டின் முகம் சுண்டிப்போனது.

“இசக்கி, எந்திரிக்காத. நீ உள்ள வந்த நடை பாதி பொருந்தியிருக்கு. இன்னும் நாலு எட்டு வச்சா உன்னையும் ஏத்திருவாங்க.”

“கேமராவை அமத்துங்கய்யா!”

“அது என் கையில இல்லவே.”

இசக்கிமுத்து, கால் தன்னையறியாமல் அசைந்துவிடுமோ என்று பயந்து, இரண்டு கையாலும் தொடையை அமுக்கிக்கொண்டான்.

கொம்பையாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வெளியே காத்திருந்த லோடுமேன்களுக்குப் பொறுமை போய்விட்டது. “என்னண்ணே, உன்னையும் உக்கார வச்சிட்டானுகளா?” என்று கேட்டபடி, எல்லோரும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து உள்ளே நடந்து வந்தார்கள்.

“வராதீங்கல! அங்கனயே நில்லுங்கல!” என்று அலறினான் இசக்கிமுத்து.

கடைசி ஆளும் உள்ளே வந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.