அங்கே யாரும் இல்லை

"ஏன்னா, அங்கே நமக்கு யாராவது இருக்காளான்னு கேட்டா இல்லைன்னே சொல்லுங்கோ," என்று காமாக்ஷி கணவரின் காலரைச் சரிசெய்தாள்.

மயிலாப்பூர் வீட்டு லேப்டாப்பில் வெளிநாட்டு அதிகாரியின் முகம் தோன்றியது. மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "உங்கள் மகன் ஜெயராமுக்கு எங்கள் நாட்டில் உறவினர் உண்டா?"

"யாருமே இல்லை சார்!" என்றார் சந்திரமௌலி. "வீடு, நிச்சயம் பண்ணின பொண்ணு, எல்லாம் இங்கேதான். அங்கே ஒரு நாள் கூடுதலா இருக்க மாட்டான்!"

காமாக்ஷி பெருமையோடு தலையாட்டினாள்.

"அப்படியானால், மாமா இருப்பதாக ஜெயராம் சொன்னது பொய். விசா முடிந்தும் தங்கிப் பிடிபட்டவர். வெளியே விட்டால் தலைமறைவாகிவிடுவார். காவல் நீடிக்கிறது," என்று அதிகாரியின் முடிவைச் சொன்னார் மொழிபெயர்ப்பாளர்.

"விசா வாங்கறச்சே இதைச் சொல்லித்தானேன்னா கிடைச்சுது!" காமாக்ஷி அலறினாள். திரை அணைந்துவிட்டது.

அங்கே, காவல் முகாமின் வாசலில், ஜாமீன் கொடுக்க வந்து காத்திருந்தான் அவளுடைய சொந்தத் தம்பி.