கோயில் என்று நுழைந்த வீடு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய டில்லியை நடந்து பார்ப்பது அம்சவேணிக்கும் அவள் கணவனுக்கும் வழக்கம். இன்று கினாரி பஜார் சரிகைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்ததுமே இரைச்சல் அடங்குகிறது. மே மாத வெயிலில் தரைக்கல் கொதிக்கிறது. செதுக்கிய தாமரை வளைவையும் பித்தளைக் குமிழ்க் கதவையும் பார்த்து, தேடி வந்த ஜைனக் கோயில் இதுதான் என்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் உள்ளே போகிறார்கள். முற்றத்துக் கொடியில் குழந்தைச் சட்டைகள் காய்கின்றன. டிரான்சிஸ்டரில் விவித் பாரதி பாடுகிறது. புதினா கிள்ளிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்கிறாள். "ஐயோ, யாரோட வீடோங்க இது," என்று அம்சவேணி கிசுகிசுக்கிறாள். கணவன், "மாஃப் கீஜியே, மந்திர்னு நெனச்சு..." என்று மன்னிப்புக் கேட்டு இழுக்கிறான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "பைட்டோ பேட்டி," உட்காரு மகளே என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டிவிட்டு, பானையிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு வருகிறாள். வெட்டிவேர் மணக்கிறது. கரோல் பாக்கில் குடியேறி ஒரு வருஷமாகிறது; டில்லியில் அம்சவேணியை உள்ளே உட்காரச் சொன்ன முதல் வீடு இது. சொம்பைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே வந்தால் வாசலில் செருப்புகளைக் காணோம். "போச்சு," என்கிறான் கணவன். எதிர்த் திண்ணையில் சரிகை சுற்றிக்கொண்டிருக்கும் கிழவர் வேலையை நிறுத்தாமல் தன் பலகைக்கு அடியில் மோவாயால் காட்டுகிறார். அங்கே நிழலில் இரண்டு ஜோடியும் ஒழுங்காக இருக்கின்றன. அம்சவேணி காலை நுழைக்கிறாள். செருப்பு சில்லென்றிருக்கிறது.