ரைட்டு

“ரைட்டு.”

இருவர் கையையும் இணைத்த கயிற்றின் மறுமுனையிலிருந்து சேவியர் அண்ணாவின் குரல்.

அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அவர்களுக்குள் அப்படித்தான் பேச்சு. ரைட்டு என்றால் போகலாம், முன்னால் எதுவும் இல்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் சோத்துக்கை. இடப்பக்கம் பீச்சாங்கை. பயிற்சியின் முதல் நாள் அவர் ரைட்டு என்றதும் அவள் வலப்பக்கம் திரும்பி, தெருவோர இளநீர்க் குவியலில் போய் விழுந்தாள். அன்றைக்கு இருவரும் சிரித்துச் சிரித்துச் செய்துகொண்ட ஏற்பாடு.

பார்வை இல்லாத அவளுக்கு, உடன் ஓடுகிறவரின் வாய்தான் சாலை.

கொஞ்ச நேரமாக ஒரு பைக் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. இப்போது அது விலகிப் போனது.

“சோத்துக்கை. இன்னும் சோத்துக்கை. அப்படியே திரும்பிடு.”

திரும்பினாள். இடது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்த கடற்காற்று வலது கன்னத்துக்கு வந்தது.

பாதி தூரம் வந்துவிட்டதா? அதற்குள்ளா?

“திரும்புற இடத்துல பறை அடிப்பாங்கன்னு சொன்னீங்களே அண்ணா?”

“டீ குடிக்கப் போயிருப்பாங்கம்மா.”

அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு அதை நினைத்துத்தான் உடம்பு கூசியது.

அவள் வளர்ந்த விடுதிக்கு மாடி எழுப்ப நிதி திரட்டும் மாரத்தான் ஓட்டம் இது. அங்கே இருக்கும் பெண்கள் யாருக்கும் பார்வை இல்லை. தெருமுனை வரைகூட அவர்களைத் தனியாக விட்டதில்லை. முழுசா ஓடுவீங்களா அக்கா என்று கேட்டார்கள்.

முழுசா ஓடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஒலிபெருக்கி கேட்டது. ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்தாள்.

அதில் அவள் பெயரைச் சொன்னார்கள்.

முடிவுக்கோட்டு நாடா மார்பில் பட்டு நழுவியது. கழுத்தில் மாலை. ஓடி வேர்த்து வந்த உடம்பின் மேல் ஒரு சால்வை. சென்ட் மணக்கும் கை ஒன்று தோளில் விழுந்தது. கேமராக்கள் சடசடத்தன.

கால்களில் இன்னும் ஓட்டம் மிச்சம் இருந்தது. பயிற்சியில் முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போதே தொடை இரண்டும் கல்லாக இறுகிவிடும். இன்று அப்படி ஒன்றுமே இல்லை.

“அண்ணா, முழுசா ஓடலையா?”

அவர் குனிந்து காதோடு சொன்னார்.

“மாடிக்குப் பணம் தர்ற சீஃப் கெஸ்ட் கிளம்புறேன்னுட்டாராம். பைக்ல வந்து சொன்னாங்க. நம்ம விடுதிக்காகத்தானேம்மா. யாருக்குத் தெரியப் போகுது?”

அப்போதுதான் புரிந்தது.

பைக் விலகும் முன் சொன்ன அந்த ரைட்டு அவளுக்குச் சொன்னது இல்லை. பைக்கில் வந்தவனுக்குச் சொன்னது.

அதைக் கேட்டுத்தான் அவள் வேகத்தைக் கூட்டியிருக்கிறாள்.

வேறு யாராவது செய்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பாள். லாரிகள் போகிற சாலையில் இந்த ஒரு குரலை நம்பி விடியற்காலைகளில் ஓடியிருக்கிறாள். ஒரு நாள்கூடப் பயந்ததில்லை.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

“நாற்பத்திரண்டு கிலோமீட்டர் முடிச்சிருக்கீங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

“நான் இன்னும் முடிக்கல” என்றாள். “பாதிக்கு முன்னாடியே திருப்பிட்டாங்க. வழி தெரிஞ்சவங்க யாராவது கூட வர்றீங்களா?”

மைக்கை வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

கைதட்டல் அங்கங்கே நின்றது. ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம்.

“மாடி வேலை நின்னுடும்மா” என்றார் சேவியர் அண்ணா.

அது அவளுக்கும் தெரியும்.

மாலையையும் சால்வையையும் கழற்றி, குரல் வந்த பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

காற்றுக்கு இடது கன்னத்தைக் காட்டித் திரும்பி நின்றாள்.

பக்கத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. மூச்சிரைத்தது. அவளும் ஓடி வந்தவள்தான்.

“எனக்கு வழி தெரியாதுங்க. பார்த்துப் பார்த்துச் சொல்றேன். வரட்டுமா?”

இவள் அந்தக் குரலின் பக்கம் திரும்பினாள்.

“திருப்புறதா இருந்தா,” என்று கேட்டாள், “முன்னாடியே சொல்லிடுவீங்களா?”