வாய் திறக்காத குதிரைக்காரன்

“இவனைத்தான் முதல்ல சுடணும்” என்றார் போலீஸ்காரர், கட்டிலில் சாய்ந்தபடி.

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவியைச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. ஏதோ கௌபாய் படம். வங்கிக் கொள்ளையைக் கண்ணால் பார்த்த ஒரு குதிரைக்காரன், அந்த ஊர்ப் போலீஸான ஷெரீப் எத்தனை கேட்டும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

தையல்காரரும் சாட்சிதான். கடைக்கு எதிரே நடந்த கொலையை, மெஷினில் தைத்துக்கொண்டே பார்த்துத் தொலைத்தவர். நாளைக்குக் கோர்ட்டில் அதைச் சொல்ல வேண்டும். அதுவரை பாதுகாப்புக்கு இந்த லாட்ஜ் அறை, கூடவே இந்தப் போலீஸ்காரர்.

பாதுகாப்பாவது ஒன்றாவது. காலையில் தையல்காரர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே போன் வந்துவிட்டது. ‘காலேஜுக்குப் போன உன் பொண்ணு எங்ககிட்ட இருக்கா. கோர்ட்ல வாயைத் திறந்தாலோ, போலீஸ்ல மூச்சு விட்டாலோ அவளை மறந்துடு.’

அதிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எதிரிலேயே போலீஸ் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

“பார்த்ததைச் சொன்னா என்னவாம் இவனுக்கு?” போலீஸ்காரர் விடுவதாக இல்லை. “நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“பயமா இருக்கும் சார்.”

“ஆளைப் பாருங்க. தனக்காகப் பயப்படுற மூஞ்சியா இது? வீட்டுல ஒரு பொண்ணு இருப்பா. அவளைத் தூக்கியிருப்பானுங்க.”

படத்தில் இதுவரை ஒரு பெண்ணையும் காட்டவில்லை. ஆனால் தையல்காரருக்குத் தன் மகள்தான் கண்முன் வந்தாள். பெற்றவன் மனசு புரிந்த இவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

“அப்படின்னா... அவன் ஷெரீப்கிட்ட சொல்லிடலாமா சார்?”

“ஷெரீப் நல்லவனா இருந்தா சொல்லலாம்.” போலீஸ்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். “குடிங்க. காலையிலேர்ந்து உங்க முகமே சரியில்லை. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க.”

அந்தப் பரிவில் தையல்காரர் உடைந்துபோனார்.

“சார், என் பொண்ணை... எப்படியாவது காப்பாத்துங்க சார்.” அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

போலீஸ்காரர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். டிவியை அணைத்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தையல்காரரின் தோளில் கை போட்டார்.

“போலீஸ்கிட்ட போகாதேன்னு காலையிலயே சொன்னோமே, மறந்துட்டியா?”