சோடி மரம்

“ஆண்டியப்பண்ணை, இனி என்ர கிணத்தில வாளி விடாதையுங்கோ!”

சிவலட்சுமி கத்தியது ஜெயபுரத்தின் அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வெறும் வாளியோடு படலைக்குள் கால் வைத்த ஆண்டியப்பன் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வீட்டுக் கிணறு உவர். இந்த வளவில் குடியேறிய நாளிலிருந்து குடிதண்ணீர் அள்ளியது சிவலட்சுமி வீட்டில்தான்.

“நான் என்ன பிள்ளை செய்தனான்?”

“ஒண்டும் தெரியாத மாதிரிக் கேக்கிறியள். சுதாஜினியின்ர அப்பிள் மரத்தை ஆர் வெட்டினது? உங்கட ஆட்டை அவள் அடிச்சுக் கலைச்ச நேரம், ‘உந்த மரம் நிண்டாத்தானே கரைச்சல்’ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“அது கோவத்தில வாயில வந்தது. அம்மாளாணை, நான் அந்த வளவுக்குள்ள காலே வைக்கேல்லை.”

“சத்தியம் வேற பண்ணுறியளே! போங்கோ!”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அவருடைய மனைவி சுப்பம்மா காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்பது சிவலட்சுமிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆனாலும் அவள் கூப்பிடவில்லை.

பக்கத்து வளவில் சுதாஜினி அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது. சிவலட்சுமி வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

மரம் அடியோடு விழுந்து கிடந்தது. கொப்புகளில் மொட்டுகள் இளஞ்சிவப்பாகத் திரண்டிருந்தன, விரிவதற்கு இன்னும் ஓரிரு நாள்தான். பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுதாஜினி அழுதாள்.

அப்பிள் வளர்க்கிற ஆசை முதலில் அவளுக்குத்தான் வந்தது. பண்டாரவளையில் இருக்கும் அவளுடைய மச்சான், அவ்வளவாகக் குளிர் கேட்காத இனங்களில் இரண்டு மரக்கன்றுகள் கொண்டுவந்தான். ஒன்றைத் தனியே நட்டால் காய் பிடிக்காது, இரண்டு இனமும் கிட்டக்கிட்ட நின்று ஒன்றாகப் பூக்க வேண்டும் என்று அவன் சொல்ல, சுதாஜினி ஒன்றை வேலிக்கு இந்தப் பக்கம் நட்டு, மற்றதைச் சிவலட்சுமிக்குக் கொடுத்தாள்.

ஊர் சிரித்தது. வன்னி வெயிலில் அந்த மரங்கள் தாமாக இலை கொட்டவும் இல்லை. இரண்டு பெண்களும் சேர்ந்து நின்று கையால் இலை உருவினார்கள். தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, பிறகு ஊற்றி, குளிர்காலம் வந்து போனது என்று மரத்தை நம்பவைத்தார்கள்.

போன வருடம் இரண்டும் பூத்தன. சுதாஜினியின் மரத்தில் பிடித்த பிஞ்செல்லாம் காற்றில் உதிர்ந்து போனது. சிவலட்சுமியின் மரத்தில் காய் சிவந்தது.

மாங்குளத்திலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். வீடியோ எடுக்க வந்தவர்கள் சிவலட்சுமியை மரத்தடியில் நிற்கவைத்து, எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் ஒரு மூச்சில் எல்லாம் சொன்னாள். சுதாஜினி அன்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

இப்போது சிவலட்சுமி அவளுக்குப் பக்கத்தில் குந்தி, தோளை அணைத்துக்கொண்டாள்.

“அழாதை சுதா. அந்த மனிசனை நான் சும்மா விடேல்லை. இனி என்ர வீட்டில ஒரு சொட்டுத் தண்ணியும் அள்ளேலாது.”

சுதாஜினி வெட்டுண்ட அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தினை வருசமாத் தண்ணி குடுத்தனான்! இப்பிடித் துரோகம் செய்வாரெண்டு ஆர் நினைச்சது? ஆரைத்தான் நம்புறது, சொல்லு.”

சிவலட்சுமி தன் சட்டை நுனியால் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“இஞ்ச பார். என்ர மரம் நேற்றிலிருந்து பூத்துக் கொட்டுது. போன முறையைவிட இந்த முறை கூடக் காய்க்கும். அதில பாதி உனக்குத்தான். வீடியோக்காரர் வந்தால் நீயும் என்ர பக்கத்தில வந்து நில்லு, என்ன?”

சுதாஜினியின் அழுகை சட்டென்று நின்றது. தோளில் கிடந்த கையை மெல்ல எடுத்துவிட்டு எழுந்தாள். வேலிக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று நின்ற மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு சிவலட்சுமியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்கட மரத்தில இனிப் பிஞ்சு பிடிக்காதக்கா. அதுக்குத்தானே இதை நான் வெட்டினனான்.”