பதினோராவது படி

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் இன்னும் பயப்படவில்லை.

பயமெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான். அவள் செய்த கேம் அது. மூன்று வருட உழைப்பு.

பேய் கேம்.

ஆடிப் பார்க்க வந்த முந்தைய ஐந்து பேரும் அசைந்து கொடுக்கவில்லை. ஒருவன் கொட்டாவி விட்டான். ஒருத்தி பேயைப் பார்த்து ஐயோ பாவம் என்றாள். ஆறாவது ஆளும் இப்படியே எழுந்து போனால் கேமை மூடிவிடலாம் என்று கம்பெனி முதலாளி நவநீதன் சார் நேற்றே சொல்லிவிட்டார்.

இரவோடு இரவாக அவள் கேமிலிருந்து பேயையே எடுத்துவிட்டாள்.

இப்போது இருப்பது ஒரு படிக்கட்டு. இருட்டு. பதினோராவது படியில், முதுகுக்குப் பின்னால், ஒரு காலடிச் சத்தம்.

அவளுக்குத் தெரிந்த பயம் அவ்வளவுதான்.

உடுமலைப்பேட்டை பிரௌசிங் சென்டரில், ஏழாம் வகுப்பு விடுமுறையில் பிடித்த பயம் அது. பாழடைந்த அரண்மனை கேம் ஒன்று. அதற்காகச் சோற்றை மறந்தாள். ஆனால் பாதாளப் படிக்கட்டு வந்தால் மட்டும் கை விறைத்துவிடும். பக்கத்தில் அக்கா சுகந்தி இருப்பாள்.

“நீ கண்ண மூடிக்க. நான் பாத்துக்கறேன்.”

அக்காவே பட்டனை அழுத்தி இறக்கிவிடுவாள். தைரியசாலி.

அந்தப் படிக்கட்டைத் தானே ஒருநாள் கட்டிப் பார்க்கத்தான் இந்தப் படிப்பும் இந்த வேலையும்.

ஆடுபவரிடம் கேமைச் செய்தவர் வாய் திறக்கக் கூடாது. சோதனை அறையில் அதுதான் சட்டம். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு படிகளை எண்ணினாள்.

எட்டு.

ஒன்பது.

பத்து.

அந்தப் பெண்ணின் விரல் நின்றது. ஹெட்போனைக் கழற்றினாள். திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, இந்த எடத்த மட்டும் நீங்க தாண்டி விடுறீங்களா?”

சந்தோஷப்பட வேண்டிய நேரம். கேமைச் செய்தவளுக்குக் கை விறைத்தது.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“நீ கண்ண மூடிக்க. நான் பாத்துக்கறேன்.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பட்டனில் அந்தப் பெண்ணின் வியர்வை இருந்தது. படிக்கட்டின் ஒவ்வொரு கல்லும் அவளே வைத்தது. கீழே ஒன்றுமே இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

அழுத்தினாள்.

பின்னால் காலடி கேட்டது.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் சுகந்தியின் நினைவு வந்தது. அன்றைக்கு அக்கா மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாளா?

யார் பார்த்தது.